மயக்க மருந்தால் புற்றுநோய் திரும்பி வருமா?



வீட்டில் ஒருவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் இருப்பதாகத் தெரியவந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் உலை ஏறாது. மஹரகம என்ற ஊரின் பெயரைச் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, தையல் பிரித்து, நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் ஒரு பயம் மட்டும் வீட்டை விட்டுப் போவதில்லை. "திரும்பவும் வந்துவிடுமோ?" என்பதுதான் அது.

அந்தப் பயத்துடன் இப்போது இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "வாயு கொடுத்து மயக்கினால் புற்றுநோய் திரும்பி வருமாம், ஊசி மருந்தால் மயக்கினால் வராதாம்" என்று யாரோ எங்கோ வாசித்ததை இன்னொருவர் சொல்கிறார். அதைக் கேட்ட மனைவிக்கோ மகளுக்கோ இரவில் நித்திரை வருவதில்லை. "வாப்பாவுக்கு எதைக் கொடுத்தார்களோ? நாம் கேட்காமல் விட்டுவிட்டோமே! இன்னும் கொஞ்சம் பணம் புரட்டி வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாமே!" என்று மனம் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

இந்தச் சந்தேகம் வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. பெரிய ஆஸ்பத்திரிகளில், அனுபவமிக்க வைத்தியர்களே எழுப்பிய கேள்வி இது. ஆயிரக்கணக்கான நோயாளர்களிடம் ஆராயப்பட்ட கேள்வியும்கூட. ஆகவே கேள்வி எப்படிப் பிறந்தது, விடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நாம் உண்மையில் கவனிக்க வேண்டியது எதை என்பதையெல்லாம் நிதானமாகப் பார்ப்போம்.

மயக்க மருந்து இல்லாத காலம்

முதலில் இந்த மருந்துகள் நமக்குச் செய்திருக்கும் உபகாரத்தை மறந்துவிடக் கூடாது. 1811ஆம் ஆண்டில் பிரான்சில் வாழ்ந்த பேனி பேர்னி என்ற ஆங்கில எழுத்தாளருக்கு மார்பகத்தில் கட்டி வந்தது. மயக்க மருந்து எதுவுமில்லாமல், முழு நினைவோடு இருக்கும்போதே வைத்தியர்கள் அதை அறுத்து எடுத்தார்கள். அந்த வேதனையை அவர் பின்னர் தன் சகோதரிக்கு நீண்டதொரு கடிதமாக எழுதினார். இன்று வாசித்தாலும் உடல் நடுங்கும் கடிதம் அது.

அதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்னர், 1804இல், யப்பானில் ஹனஒக்கா சேஷூ என்ற வைத்தியர் ஒரு மூலிகைக் கலவையைக் குடிக்கக் கொடுத்து நோயாளியை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்திச் சத்திரசிகிச்சை செய்திருந்தார். அந்தக் கலவையில் நமக்குத் தெரிந்த ஊமத்தையும் சேர்ந்திருந்தது. நோயாளி மார்பகப் புற்றுநோயால் வருந்திய 60 வயதுப் பெண். அந்த மருந்தைப் பக்குவப்படுத்தும்போது தன்னிடமே பரீட்சித்துப் பார்க்க இடம் கொடுத்த வைத்தியரின் மனைவி பார்வையை இழந்ததாக அந்நாட்டு வரலாறு சொல்கிறது. ஆனால் யப்பான் அப்போது வெளியுலகுக்குக் கதவடைத்திருந்ததால் இந்தச் செய்தி மற்ற நாடுகளுக்கு எட்டவில்லை.

1846 ஒக்டோபர் 16ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் என்பவர் ஈதர் ஆவியை முகரச் செய்து நோயாளியை மயக்கிக் காட்டினார். மறு ஆண்டே ஸ்கொட்லாந்தில் குளோரோபோம் வந்தது. 1956இல் ஹலோதேன் பாவனைக்கு வந்தது. பின்னர் ஐசோபுளூரேன், செவோபுளூரேன், டெஸ்புளூரேன் என்று ஒன்றைவிட ஒன்று பாதுகாப்பான ஆவிகள் வந்தன. 1986இல் பிரித்தானியாவில் புரொபோபோல் என்ற ஊசி மருந்து பாவனைக்கு வந்தது. பார்வைக்குப் பால் போல வெள்ளையாக இருக்கும் மருந்து அது.

வாயுவும் ஊசியும்

இன்று பெரிய சத்திரசிகிச்சைக்கு நோயாளியை மயக்கத்தில் வைத்திருக்க இரண்டு பிரதான வழிகள் இருக்கின்றன. ஒன்று, செவோபுளூரேன் போன்ற ஆவியை ஒக்சிஜனோடு கலந்து சுவாசக் குழாய் வழியாகக் கொடுத்துக்கொண்டிருப்பது. இதையே நாம் வாயு என்கிறோம். மற்றது, புரொபோபோலை ஒரு சிறிய பம்ப் மூலம் நாளத்துக்குள் சீராகச் செலுத்திக்கொண்டிருப்பது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. வாயு கொடுக்கப்படும் பெரியவர்களில் அநேகருக்கும் ஆரம்பத்தில் நித்திரையாக்குவதற்குப் போடப்படுவது புரொபோபோல் ஊசிதான். அதற்குப் பிறகே வாயு திறக்கப்படுகிறது. ஆகவே "அவருக்கு ஊசி, இவருக்கு வாயு" என்று கோடு போட்டுப் பிரிப்பது போல இது அவ்வளவு எளிதான பிரிவினை அல்ல.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

புற்றுநோய்க் கட்டியை எவ்வளவு கவனமாக அறுத்தெடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத சில புற்றுநோய்க் கலங்கள் குருதியிலோ நிணநீரிலோ தப்பிப் போய்விடலாம். அவற்றைத் தேடி அழிக்கும் காவல்காரர்கள் நம் உடலிலேயே இருக்கின்றன. குருதியில் உலாவும் ஒருவகை வெண்கலங்கள் அவை. ஆனால் பெரிய சத்திரசிகிச்சை உடலுக்கு ஓர் அதிர்ச்சி. வலி, குருதி இழப்பு, உடற்சூடு குறைதல், அதிர்ச்சியினால் சுரக்கும் ஓமோன்கள் எல்லாம் சேர்ந்து சில நாட்களுக்கு அந்தக் காவலைப் பலவீனப்படுத்துகின்றன. கள்வன் வீட்டுக்குள் புகுந்த அதே இரவில் காவல்காரன் காய்ச்சலில் படுத்திருப்பது போன்றது இது.

மயக்க மருந்து அந்தக் காவலை இன்னும் தளர்த்துமா, அல்லது பாதுகாக்குமா என்பதே ஆராய்ச்சியாளர்களின் கேள்வி. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளின் குருதியில் புற்றுநோய்க் கலங்களைச் செலுத்திப் பார்த்தார்கள். ஹலோதேன் உள்ளிட்ட சில மயக்க மருந்துகள் பெற்ற எலிகளின் நுரையீரலில் கூடுதலான புற்றுநோய்க் கலங்கள் தங்கின. புரொபோபோல் பெற்ற எலிகளில் அப்படி நிகழவில்லை. ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்த கலங்களிலும் இதையொத்த முடிவுகள் சில கிடைத்தன.

எலியில் கண்டது மனிதனிலும் நடக்குமா? அதைப் பார்க்க வைத்தியர்கள் தங்கள் ஆஸ்பத்திரிகளின் பழைய கோவைகளைப் புரட்டத் தொடங்கினார்கள்.

பழைய கோவைகள் சொன்ன கதை

2016இல் லண்டனிலுள்ள ரோயல் மார்ஸ்டன் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் வைத்தியர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பல்வகைப் புற்றுநோய்களுக்காகச் சத்திரசிகிச்சை பெற்றவர்களில் ஒத்த நிலையிலுள்ளவர்களைப் பொறுக்கியெடுத்து, பக்கத்துக்கு 2,607 பேராக வைத்து ஒப்பிட்டார்கள். கண்காணித்த காலத்துக்குள் வாயு பெற்றவர்களில் 100க்கு 23 பேரளவிலும், ஊசி மருந்து பெற்றவர்களில் 100க்கு 16 பேரளவிலும் இறந்திருந்தார்கள்.

2018இல் தாய்வானிலிருந்து இன்னும் அதிர்ச்சியான கணக்கொன்று வந்தது. அது பெருங்குடல் புற்றுநோயைப் பற்றியது. பக்கத்துக்கு 579 பேர். டெஸ்புளூரேன் வாயு பெற்றவர்களில் 100க்கு 33 பேரளவில் இறந்திருந்தார்கள். புரொபோபோல் பெற்றவர்களில் 100க்கு 15 பேர். நம் சகோதரிகளின் காதுக்கு எட்டிய பேச்சின் வேர் இப்படியான கணக்குகளில்தான் இருக்கிறது.

2021இல் டென்மார்க் நாட்டவர்கள் தங்கள் தேசியப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை பெற்றவர்கள், பக்கத்துக்கு நாலாயிரத்துக்கு மேல். வாயு பெற்றவர்களில் நோய் திரும்புவது 12 வீதம் கூடுதலாக இருந்தது. 12 வீதம் என்றதும் நூறு பேரில் பன்னிரண்டு பேர் கூடுதலாக நோயுற்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உதாரணத்துக்கு, ஊசி பெற்ற நூறு பேரில் 20 பேருக்கு நோய் திரும்பினால், வாயு பெற்ற நூறு பேரில் 22 பேருக்குத் திரும்பியது என்பதே அதன் பொருள். இறப்பு எண்ணிக்கையைப் பார்த்தபோது அங்கே இரு பக்கத்துக்கும் வித்தியாசம் தென்படவில்லை.

யப்பானியர்களின் கணக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. 2020இல் வெளியான அதில் வயிறு, குடல் முதலிய சமிபாட்டு உறுப்புகளில் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை பெற்ற 196,303 பேர் அடங்கியிருந்தார்கள். உயிர் பிழைத்திருந்தோரின் அளவில் வாயுவுக்கும் ஊசிக்கும் வித்தியாசமில்லை என்பதே முடிவு.

கவனித்தீர்களா? தாய்வானில் கண்ட மிகப் பெரிய வித்தியாசம், கூடுதலான ஆட்களைச் சேர்த்துப் பார்க்கப் பார்க்கச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

வேனா கணக்குச் சொல்லிக்கொடுத்தது?

பழைய கோவைகளைப் புரட்டும் ஆய்வுகளில் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஒரு சிறு உதாரணத்தால் அதை விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு பாடசாலையில் வேனில் வந்திறங்கும் பிள்ளைகள், நடந்து வரும் பிள்ளைகளைவிடக் கூடுதல் புள்ளி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேனா அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது? இல்லையே! வேனுக்குக் காசு கட்டக்கூடிய வீட்டில் டியூஷனுக்கும் காசு இருக்கும்; படிக்க மேசையும் இருக்கும். வேன் வெளியே தெரிகிறது, மற்றவை தெரிவதில்லை.

மயக்க மருந்திலும் அப்படியே. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை மயக்கமருந்து வைத்தியர் நோயாளியைப் பார்த்தே தீர்மானித்திருப்பார். மிகவும் பலவீனமானவர், இருதய வருத்தக்காரர், அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர் என்றெல்லாம் காரணங்கள் இருந்திருக்கும். எந்த ஆண்டில், எந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் செய்தார், அதன் பின்னர் மருந்துச் சிகிச்சை கிடைத்ததா என்பனவும் சேரும். வயது, நோயின் நிலை என்று எழுதி வைத்தவற்றைச் சரிசெய்துகொள்ளலாம். எழுதாமல் விட்டவற்றை எப்படிச் சரிசெய்வது?

சீட்டுக் குலுக்கிப் பார்த்தபோது

இதற்கு ஒரே வழி சீட்டுக் குலுக்குவதுதான். நம் பெண்கள் மாதச் சீட்டுப் பிடிக்கும்போது யாருடைய பெயர் வரும் என்று எவராலும் சொல்ல முடியாதல்லவா? அதுபோல, நோயாளியின் சம்மதத்தோடு, அவருக்கு வாயுவா ஊசியா என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்கிறார்கள். அப்போது வயதானவர், இளையவர், பலசாலி, பலவீனர், வசதியுள்ளவர், இல்லாதவர் எல்லோரும் இரு பக்கமும் சமமாகப் பரவிவிடுவார்கள். மிஞ்சும் வித்தியாசம் மருந்தினுடையதாகவே இருக்கும்.

அப்படிப்பட்ட ஆய்வுகள் மூன்றின் முடிவுகளைப் பாருங்கள்.

2019இல் வெளியான ஆய்வு, பல நாடுகளின் 13 ஆஸ்பத்திரிகளில் மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை பெற்ற 2,108 பெண்களைப் பற்றியது. ஒரு பக்கத்தினருக்கு முதுகெலும்பருகே விறைப்பு ஊசியும் புரொபோபோலும். மறு பக்கத்தினருக்குச் செவோபுளூரேன் வாயுவும் வழமையான வலிநீக்கிகளும். நோய் திரும்பியது இரு பக்கத்திலும் 100க்கு 10 பேருக்கு.

2023இல் வெளியான ஆய்வு, பெரும்பாலும் சுவீடனில் நடந்தது. இதுவும் மார்பகப் புற்றுநோய் பற்றியதே. புரொபோபோல் பெற்றவர்களிலும் செவோபுளூரேன் பெற்றவர்களிலும் 5 ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தோர் 100க்கு 92 பேர்.

அதே ஆண்டில் சீனாவிலிருந்து வந்த ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 65 முதல் 90 வயது வரையானவர்கள், பெரிய புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைகள், மொத்தம் 1,195 பேர். மூன்றரை ஆண்டுகளளவில் கண்காணித்தபோது புரொபோபோல் பக்கத்தில் 598 பேரில் 188 பேரும், வாயுப் பக்கத்தில் 597 பேரில் 175 பேரும் இறந்திருந்தார்கள். அதாவது 100க்கு 31, 29. ஊசியால் உயிர் காக்கப்பட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

மார்பகத்தில் கண்டதைக் குடலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனாலேயே குடல், நுரையீரல் புற்றுநோயாளர்கள் 5,700க்கு மேற்பட்டோரை இலக்காகக் கொண்டு அவுஸ்திரேலியாவின் தலைமையில் 'வேப்பர்-சி' என்ற பெரிய குலுக்கல் ஆய்வொன்று திட்டமிடப்பட்டது. இந்த விடயத்தில் இறுதி வார்த்தையைச் சொல்ல இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கே உரிமை உண்டு. ஆனால் கைக்கு வந்திருக்கும் நல்ல ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், "வாயு கொடுத்ததால்தான் நோய் திரும்பியது" என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

இந்தத் தேடல் வீணானது என்றும் நினைக்க வேண்டாம். மும்பையிலுள்ள டாட்டா நினைவு ஆஸ்பத்திரியினர் தலைமை தாங்கி 2023இல் வெளியிட்ட ஒரு குலுக்கல் ஆய்வில், மார்பகக் கட்டியை அறுப்பதற்குச் சற்று முன்னர் அதைச் சுற்றி லிடோகெயின் மருந்தை ஏற்றினார்கள். பல் பிடுங்கும்போது போடும் விறைப்பு ஊசி மருந்துதான் அது, விலையும் மலிவு. 5 ஆண்டுகளின் பின் நோயின்றி இருந்தவர்கள், ஊசி பெற்றவர்களில் 100க்கு 87 பேரளவில். பெறாதவர்களில் 83 பேரளவில். மற்ற ஆஸ்பத்திரிகளும் செய்து பார்த்து உறுதிசெய்ய வேண்டிய முடிவு இது. குடலுக்கு இது பொருந்தும் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சத்திரசிகிச்சை மேசையில் செலவாகும் அந்தச் சில மணித்தியாலங்கள் முக்கியமானவை என்பதை இது காட்டுகிறது.

அப்படியானால் மருந்தை எப்படித் தெரிவு செய்கிறார்கள்?

வேறு நல்ல காரணங்கள் பல உண்டு. புரொபோபோலால் மயக்கியவர்களுக்குக் கண் விழித்த பிறகு குமட்டலும் வாந்தியும் குறைவு. மேலே சொன்ன சீன ஆய்வில், வயதானவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் மனக்குழப்பம் ஊசிப் பக்கத்தில் 100க்கு 8 பேருக்கும், வாயுப் பக்கத்தில் 12 பேருக்கும் ஏற்பட்டது. சில குடும்பங்களில் பரம்பரையாக ஒரு குறைபாடு உண்டு; அவர்களுக்கு வாயு கொடுத்தால் உடற்சூடு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். அவர்களுக்கு ஊசியே உகந்தது.

வாயுவுக்கும் அதற்குரிய சிறப்புகள் உண்டு. ஊசிக்குப் பயந்து அழும் சிறு குழந்தையை முகமூடியால் மெதுவாக நித்திரையாக்கலாம். நோயாளியின் மூச்சில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதைக் கருவி கணத்துக்குக் கணம் காட்டும். ஊசி முறைக்குத் தனியான பம்பும் தொடர்ச்சியான கவனிப்பும் தேவை. ஆகவே இந்தத் தெரிவை மயக்கமருந்து வைத்தியரிடம் விட்டுவிடுவதே புத்தி. "ஊசிதான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்து, கிடைத்த சத்திரசிகிச்சைத் திகதியைத் தவறவிட்டு ஆஸ்பத்திரி மாறி அலைவது பெரிய தவறு. தாமதத்தால் வரும் கேடு உண்மையானது. வாயுவால் வரும் என்ற கேடு நிரூபிக்கப்படாதது.

சத்திரசிகிச்சைக்கு முன் சொல்ல வேண்டியவை

மயக்கமருந்து வைத்தியரைச் சந்திக்கும்போது வெட்கப்படாமல், மறைக்காமல் இவற்றைச் சொல்லுங்கள்:

1. முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது நோயாளிக்கோ குடும்பத்தில் எவருக்குமோ ஏதாவது விபரீதம் நடந்திருந்தால்.

2. பாவிக்கும் மருந்துகள் எல்லாம். முக்கியமாக நீரிழிவு, இருதய மருந்துகள், குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகள். நாட்டு மருந்தும் கஷாயமும் இதில் சேரும். எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

3. ஆடும் பல், கட்டிய பல்.

4. சிகரெட், வெற்றிலை, புகையிலைப் பழக்கம். புகைப்பதை உடனே நிறுத்தினால் நுரையீரலுக்கும் காயம் ஆறுவதற்கும் நன்மை.

5. களைப்பு, மூச்சு வாங்குதல், வெளிறிப் போதல். குடல் புற்றுநோயில் குருதிச்சோகை மிகச் சாதாரணம். அதை முன்கூட்டியே இரும்புச்சத்து மருந்தால் திருத்திக்கொண்டால் குருதி ஏற்ற வேண்டிய தேவை குறையும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, பொதுவாகத் திண்ம உணவை 6 மணித்தியாலங்களுக்கு முன்னரும், வெறும் தண்ணீரை 2 மணித்தியாலங்களுக்கு முன்னரும் நிறுத்தச் சொல்வார்கள். பால் கலந்த தேநீர் தண்ணீர்க் கணக்கில் சேராது. உங்கள் வார்ட்டில் சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள்.

நோய் திரும்புவதைத் தீர்மானிப்பவை

நோய் திரும்புமா என்பதை மயக்க மருந்தைவிடப் பலமடங்கு தீர்மானிப்பவை வேறு. நோய் எந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது, கட்டி முழுதாக அகற்றப்பட்டதா, நிணநீர்க்கணுக்களுக்குப் பரவியிருந்ததா, அதற்குப் பிந்திய சிகிச்சை ஒழுங்காகக் கிடைத்ததா என்பவையே அவை. ஆகவே சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைத்தியரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் மறக்காது.

"பரிசோதனை அறிக்கைப்படி நோய் எத்தனையாம் நிலையில் இருந்தது? வெட்டிய ஓரங்களில் நோய் இல்லையா? எத்தனை நிணநீர்க்கணுக்களைப் பரிசோதித்தார்கள்?" குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.

"மருந்துச் சிகிச்சை தேவையா?" தேவையென்றால் 8 வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. முடி கொட்டும், பலவீனப்படும் என்ற பயத்தில், "கொஞ்சம் தேறட்டும், பிறகு பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. அன்பினால் செய்யும் தவறு அது.

"அடுத்த பரிசோதனை எப்போது?" குடல் புற்றுநோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள்ளேயே திரும்பும். அதனால் அந்தக் காலத்தில் குருதிப் பரிசோதனை, ஸ்கேன், ஓராண்டளவில் குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது ஆகிய எதையும் தவறவிடக் கூடாது. சுகமாக இருக்கிறார் என்பதற்காகக் கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள். சிறிதாக இருக்கும்போதே கண்டால் திரும்பிய நோயைக்கூடப் பலருக்கு அகற்றிவிட முடிகிறது.

கையில் இருக்கும் மருந்து

இனி, உங்கள் கையிலேயே இருக்கும் ஒன்றைச் சொல்கிறோம். 2025இல் ஒரு முக்கியமான குலுக்கல் ஆய்வு வெளியானது. பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் முடித்த 889 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பக்கத்தினருக்கு ஆரோக்கியம் பற்றிய கைந்நூல் மட்டும் கொடுத்தார்கள். மறு பக்கத்தினருக்கு 3 ஆண்டுகள் வழிகாட்டி ஒருவரின் கண்காணிப்பில் உடற்பயிற்சி. பயங்கரமான பயிற்சி ஒன்றுமில்லை. வாரத்தில் மூன்று நான்கு தடவை, முக்கால் மணி நேரம் தொடக்கம் ஒரு மணி நேரம் வரை வேகமாக நடப்பதற்கு ஒப்பானதே.

முடிவு என்ன தெரியுமா? 5 ஆண்டுகளின் பின் நோயின்றி இருந்தவர்கள், பயிற்சிப் பக்கத்தில் 100க்கு 80 பேர். கைந்நூல் பக்கத்தில் 74 பேர். 8 ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தவர்கள் 100க்கு 90 பேரும் 83 பேரும். வாயுவா ஊசியா என்ற கேள்வியில் எவ்வளவு தேடியும் கிடைக்காத பலன், தினசரி நடையில் கிடைத்திருக்கிறது!

நம் வீடுகளில் புற்றுநோயாளியைக் கட்டிலிலிருந்து இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதே சேவை என்று நினைக்கிறோம். பெண் நோயாளி வெளியே நடந்தால் "இவவுக்கு இன்னும் சுகமில்லையே, எங்கே போறா?" என்று கேட்பவர்களும் உண்டு. வைத்தியரின் அனுமதி கிடைத்ததும் மகளோ மருமகளோ கூடவே நடங்கள். மாலையில் காற்றாட நடந்து வருவதற்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

அஸ்பிரின் பற்றியும் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கட்டியில் குறிப்பிட்டதொரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குச் சிறிய அளவு அஸ்பிரின் நோய் திரும்புவதைக் குறைத்ததாக 2025இல் ஓர் ஆய்வு காட்டியது. அது எல்லோருக்கும் பொருந்தாது. குடலில் குருதிக்கசிவை உண்டாக்கக்கூடிய மருந்து அது. வைத்தியர் சொல்லாமல் தொடாதீர்கள்.

பிள்ளைகளும் சகோதரர்களும்

வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவர்களுக்கும் அது எச்சரிக்கை மணி. நோயாளியின் பிள்ளைகளும் கூடப் பிறந்தவர்களும் 40 வயதிலோ, நோயாளிக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னராகவோ, இரண்டில் எது முந்தியதோ அப்போதே குடல் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும். மலத்தோடு இரத்தம் போனால் "மூலம்தானே" என்று மறைத்துவைப்பது நம் பெண்களிடம் பரவலாக உள்ள பழக்கம். மலம் கழிக்கும் வழமையில் நீடித்த மாற்றம், காரணமில்லாத மெலிவு, சோகை என்பனவும் கவனிக்க வேண்டியவை. ஆண் வைத்தியரிடம் சொல்ல வெட்கமென்றால் பெண் வைத்தியரைக் கேளுங்கள். வெட்கத்துக்காக உயிரை அடகு வைக்க வேண்டாம்.

சகோதரிகளே! அன்றைக்கு உங்கள் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ கணவருக்கோ எந்த மயக்க மருந்து கொடுத்தார்கள் என்று நினைத்து நினைத்து உங்களை வதைத்துக்கொண்டிருந்தால், அந்தச் சுமையை இன்றோடு இறக்கிவையுங்கள். நீங்கள் கேட்காமல் விட்டதால் எதுவும் கெட்டுப் போய்விடவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் உங்கள் முன்னால்தான் இருக்கின்றன. கொப்பியை எடுங்கள்; அடுத்த கிளினிக் திகதியை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.